பழைய மஸ்டாங்கின் துணிக்கூரை: கையே போதுமா, ஹைட்ராலிக் வைக்கலாமா, எலக்ட்ரிக் ஆக்சுவேட்டரா?

1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் சந்தைக்கு வந்தபோது கன்வெர்ட்டிபிளின் (கூரையை மடித்துத் திறந்து ஓட்டும் வகையின்) அடிப்படை விலை சுமார் 2,600 டாலர். அந்த விலைக்குக் கிடைத்த துணிக்கூரையைக் கையால்தான் தூக்கி மடிக்க வேண்டும். சுவிட்சை அழுத்தினால் கூரை ஏறி இறங்க வேண்டுமென்றால் ஐம்பது டாலர் சொச்சம் கூடுதல். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. வேண்டாமென்று விட்டவர்கள் ஏராளம். 1965 மாடலில் ஒரு லட்சத்துக்கும் மேல், 1966 மாடலில் 72,000க்கும் மேல் கன்வெர்ட்டிபிள்கள் வெளிவந்தன. அதனால் இன்றைக்கும் அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் இந்த வண்டிகளில் கைக்கூரை வண்டிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அப்படி ஒன்றை வாங்கியவர் ஒரு கோடைகாலம் ஓட்டி முடிப்பதற்குள் மோட்டார் வைத்துவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார். அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கைக்கூரையையே ஒழுங்காகச் சீர்செய்து வைத்துக்கொள்வது ஒன்று. ஃபோர்டு அன்று கொடுத்த, ஆயில் அழுத்தத்தால் தூக்கும் அதே ஹைட்ராலிக் அமைப்பை இப்போது மாட்டுவது இரண்டாவது. ஆயில் எதுவும் இல்லாமல் இன்றைய எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர்களை, அதாவது மின்மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டுகளை, வைப்பது மூன்றாவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது மோட்டார் இல்லை, ஒழுங்கான கைக்கூரை. மீதிப் பேருக்கு, வண்டி மஸ்டாங்காக இருந்தால், ஹைட்ராலிக்தான் சரி. ஆக்சுவேட்டரை நான் கடைசியில்தான் வைப்பேன். காரணங்கள் கீழே.

மோட்டார் எதைச் செய்யும், எதைச் செய்யாது

இன்றைய கன்வெர்ட்டிபிள் ஒன்றை ஓட்டிப் பார்த்தவர் மனதில் ஒரு படம் இருக்கும்: ஒரு பொத்தான், பத்திருபது வினாடி, எல்லாம் முடிந்தது. 1965 மஸ்டாங்கில் மோட்டார் கூரை அப்படி இல்லை. முன்கண்ணாடிச் சட்டத்தோடு கூரையைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு கொக்கிகளையும் ஓட்டுநர் கையால்தான் விடுவிக்க வேண்டும். பின்பக்கம் பிளாஸ்டிக் கண்ணாடி இருந்தால், அது மடிந்து வெண்கோடு விழாமல் இருக்க, ஜிப்பைத் திறந்து விடுவது நல்லது. அப்புறம்தான் சுவிட்ச். கூரை பின்னால் போய்ப் படுத்ததும் இறங்கிப் போய், மடிந்த துணியின் மேல் உறையைப் போர்த்தி, பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். ஏற்றும்போது இதே வேலைகள் தலைகீழாக.

ஆக, மோட்டார் ஏற்றுக்கொள்வது நடுவில் இருக்கும் தூக்குகிற வேலையை மட்டும். முதுகுக்கும் தோளுக்கும் அதுதான் கனமான வேலை என்பதும் உண்மை. ஆனால் சிக்னலில் நின்றபடி கூரையைத் திறக்கலாம் என்ற ஆசையில் பணம் போடுகிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கொக்கி, மூடி எல்லாவற்றையும் மோட்டாரே பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோர்டு வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1957 முதல் 1959 வரை அவர்கள் செய்த ஃபேர்லேன் 500 ஸ்கைலைனர். இரும்புக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போகும். அதற்கு ஏழு மோட்டார்களும், அறுநூறு அடிக்கு மேல் வயரும், வரிசை தவறாமல் ஒவ்வொரு அசைவையும் கட்டுப்படுத்த ரிலேக்களும் (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) லிமிட் சுவிட்சுகளும் (அசைவு எல்லையை எட்டியதும் மாறுபவை) தேவைப்பட்டன. மூன்று வருடங்களில் ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். அழகான வண்டி, எனக்கு மிகவும் பிடித்த வண்டி. அதன் கூரை வேலை செய்யாமல் பாதியில் நின்றுவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. மஸ்டாங்கின் மோட்டார் கூரையில் இருப்பது ஒரு பம்ப், இரண்டு சிலிண்டர், ஒரு சுவிட்ச். அந்த எளிமை ஒரு பெரிய சொத்து.

முதல் வழி: கைக்கூரையைச் சீர்செய்வது

கைக்கூரை மஸ்டாங்கின் இரும்புச் சட்டத்தில் தூக்குவதற்குத் துணையாக ஸ்பிரிங்குகள் உண்டு. சட்டத்தின் எடையில் ஒரு பகுதியை அவை தாங்கிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால், நடுத்தர வயதுள்ள ஒருவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்காமலே கூரையை முக்கால்வாசித் தூரம் பின்னால் தள்ளிவிடலாம். இரண்டு பேர் இருபக்கமும் நின்று முக்கித் தூக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

அந்தக் கோளாறு பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும். அறுபது வருடம் ஆகித் தளர்ந்துபோன, அல்லது யாரோ கழற்றிப் போட்ட ஸ்பிரிங்குகள் ஒன்று. துருவும் காய்ந்த கிரீசும் சேர்ந்து இறுகிப்போன மூட்டுகள் இன்னொன்று. சட்டத்தில் ஒவ்வொரு மூட்டும் ஒரு ரிவெட்டில் திரும்புகிறது. துளை தேய்ந்து அகலமானால் சட்டம் கோணலாக மடியும், நடுவில் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, துணிக்கு உள்ளே ஓடும் பட்டைகள். துணியைத் தாங்கும் குறுக்கு வளைவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இந்தப் பட்டைகள்தான். அவை நைந்துபோனால் வளைவுகள் கண்ட இடத்தில் போய் நிற்கும், மடிக்கும்போது துணியைக் கடிக்கும்.

நான்காவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. மஸ்டாங்குக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடல்தான் எலும்புக்கூடு. தலைக்கு மேல் இரும்புக் கூரை இல்லாத வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் இருக்க, கன்வெர்ட்டிபிளில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிக்குள் ஃபோர்டு கூடுதல் தகடுகளை வைத்து வலுப்படுத்தியது. குளிர்கால ரோடுகளில் கொட்டும் உப்பு முதலில் தின்பதும் அந்த இடத்தைத்தான். உள்ளே துருவேறினால் வண்டி நடுவில் ஒரு விரலளவு இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு, கதவுக்கும் பின்பக்க உடலுக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து பாருங்கள். மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் இருந்தால் உடல் தொய்ந்திருக்கிறது. கூரையின் முன்விளிம்பு முன்கண்ணாடிச் சட்டத்தில் சரியாக உட்காராமல் இழுத்துப் பிடித்துக் கொக்கி மாட்ட வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்த வண்டிக்கு வேண்டியது வெல்டிங். அதில் மோட்டாரை வைத்தால் என்ன நடக்கும்? கை இழுத்த இழுப்பை மோட்டார் இழுக்கும், அவ்வளவுதான். துணி கிழியும், சட்டம் வளையும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். வெயில் அடிக்கும் ஒரு நாளில், வினைல் துணி இளகியிருக்கும்போது, கொக்கிகளை விடுவித்து, முன்விளிம்பின் நடுவில் ஒரு கையை வைத்துத் தூக்குங்கள். எந்த இடத்தில் கனக்கிறது, எந்த இடத்தில் உரசுகிறது என்று கை சொல்லும். இரண்டு பக்கமும் ஒன்றாக எழுகிறதா என்று இன்னொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். வலது பக்கம் முந்தி, இடது பக்கம் பிந்தினால் மூட்டில் சிக்கல். பாதி உயரத்தில் விட்டவுடன் கூரை தடாலென்று விழுந்தால் ஸ்பிரிங் போய்விட்டது.

புது ஸ்பிரிங், புது பட்டைகள், மூட்டுகளைச் சுத்தம் செய்து இரண்டு சொட்டு எண்ணெய். இதற்கு ஆகும் செலவு மற்ற இரண்டு வழிகளில் எதற்கும் பக்கத்தில்கூட வராது. ஸ்பிரிங்குக்குப் பதில், டிக்கிக் கதவைத் தாங்குவது போன்ற கேஸ் தண்டுகளை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. குளிரில் அவற்றின் பலம் குறையும், வருடங்கள் போனால் கேஸ் கசியும். நான் ஸ்பிரிங்கோடு நின்றுவிடுவேன்.

இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. அதை மறைக்க முடியாது. என்னதான் சீர்செய்தாலும் கையைத் தலைக்கு மேல் உயர்த்தித் தள்ளத்தான் வேண்டும். தோள்பட்டையில் சதை கிழிந்து வைத்தியம் பார்த்தவருக்கோ, முதுகு பிடித்துக்கொள்பவருக்கோ இது பதில் இல்லை. கன்வெர்ட்டிபிள் என்பது திறந்து ஓட்டுவதற்காகச் செய்த வண்டி. வலிக்குப் பயந்து ஒருவர் கோடை முழுவதும் கூரையை மூடியே ஓட்டுகிறார் என்றால், அசல் தன்மை கெட்டுவிடும் என்று அவருக்கு அறிவுரை சொல்வது நியாயமே இல்லை. அவர் தாராளமாக மோட்டார் வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

இரண்டாவது வழி: ஹைட்ராலிக்

துணிக்கூரையை யந்திரத்தால் தூக்கும் எண்ணம் பழசு. 1939இல் பிளைமவுத் நிறுவனம் எஞ்சினில் உண்டாகும் வெற்றிட இழுவிசையைக் (வேக்குவம்) கொண்டே கூரையைத் தூக்கும் அமைப்பைத் தன் கன்வெர்ட்டிபிளில் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹைட்ராலிக் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மஸ்டாங்குக்கு வந்ததும் அதே பரம்பரைதான்.

வேலை செய்யும் விதம் இது. பின் இருக்கைக்குப் பின்னால் ஒரு 12 வோல்ட் மோட்டார், அதோடு ஒட்டியே ஒரு பம்ப், ஒரு சின்ன ஆயில் தொட்டி. அங்கிருந்து குழாய்கள் இருபுறமும் உள்ள சிலிண்டர்களுக்குப் போகின்றன: ஒரு குழாய் இரண்டு சிலிண்டர்களின் மேல்முனைக்கும், இன்னொன்று இரண்டின் கீழ்முனைக்கும். மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் ஆயில் கீழ்முனைக்குப் போய்த் தண்டை வெளியே தள்ளும், கூரை எழும். எதிர்த்திசையில் சுற்றினால் மேல்முனைக்குப் போய் உள்ளே இழுக்கும். தனி வால்வுப் பெட்டி, கணினி, சென்சார் எதுவும் இல்லை. கடைசி வரை போனதும் பம்புக்குள்ளே அழுத்தம் திரும்பிக்கொள்ளும்; ஓட்டுநர் சுவிட்சிலிருந்து விரலை எடுக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான் ஹைட்ராலிக் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணமே அதுதான். இரண்டு சிலிண்டர்களும் ஒரே பம்பில் இணையாக இருப்பதால் இரண்டுக்கும் ஒரே அழுத்தம். அதாவது, இரு பக்கமும் ஒரே பலத்தில் தள்ளப்படுகின்றன. ஒரு பக்கம் சற்றே இறுக்கமாக இருந்தால் ஆயில் மறுபக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். சட்டம் லேசாகச் சாய்ந்து, குறுக்கு வளைவுகள் இழுத்து, மறுபடி நேராகும். சட்டத்துக்குக் கொஞ்சம் இணங்கிப் போகும் தன்மை அதற்கு உண்டு. திருகுத் தண்டால் ஓடும் ஆக்சுவேட்டரில் இது கிடையாது.

மாட்டுவதற்கு என்னென்ன தேவை? பம்ப், இரண்டு சிலிண்டர், குழாய்கள், சிலிண்டரின் கீழ்முனையைப் பிடிக்கும் தாங்கிகள், சுவிட்ச், வயரிங். எல்லாமே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. மஸ்டாங்காரர்களின் பாக்கியம் அது. வாங்குவதற்கு முன் பின் இருக்கையைக் கழற்றி, உங்கள் சட்டத்தில் சிலிண்டர் தண்டைப் பூட்டும் இடமும் உடலில் தாங்கி உட்காரும் இடமும் எப்படி இருக்கின்றன என்று, மோட்டார் கூரை வண்டி ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தந்த ஊர் மஸ்டாங் கிளப்புகளில் இதைக் காட்ட மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டர் வந்தால் கைக்கூரையின் ஸ்பிரிங்குகள் வெளியே வர வேண்டும். அவற்றைத் தூக்கிப் போடாமல் பெயரெழுதி ஒரு பையில் கட்டி வைத்துவிடுங்கள்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய பம்பும் சிலிண்டரும் மலிவாகக் கிடைக்கும். சட்டத்தை அப்படி வாங்கினால் பரவாயில்லை, தாங்கியை வாங்கினால் பரவாயில்லை. சிலிண்டரையும் குழாயையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அறுபது வருட ரப்பர் சீல், முதல் பத்து தடவை நன்றாக வேலை செய்துவிட்டு, பின் இருக்கைத் துணியில் ஆயிலை விடும்.

ஆயில் விஷயத்தில் கவனம் வேண்டும். பல பழைய அமெரிக்க வண்டிகளின் கூரை ஹைட்ராலிக்கில் பிரேக் ஆயில் ஊற்றினார்கள். பின்னால் வந்தவற்றில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். இரண்டுக்கும் ரப்பர் சீல் வேறு வேறு. பிரேக் ஆயிலுக்கான சீல் கியர்பாக்ஸ் ஆயிலில் ஊறினால் உப்பிப் போகும்; தலைகீழாக ஊற்றினாலும் கேடுதான். எனவே வாங்கிய பம்பும் சிலிண்டரும் எந்த ஆயிலுக்கானவை என்று பார்த்து, அதை மட்டும் ஊற்றி, தொட்டியின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். தேர்வு உங்கள் கையில் இருந்தால் கியர்பாக்ஸ் ஆயிலுக்கான அமைப்பையே வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். கசிந்தால் பெயின்டை உரித்துவிடும். கியர்பாக்ஸ் ஆயில் கசிந்தால் கறை படும், ஆனால் பெயின்ட் பிழைக்கும்.

வயரிங்கில் நடக்கும் தவறுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பம்ப் மோட்டார் கூரையைத் தூக்கும்போது பல ஆம்பியர் இழுக்கும். எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியில், ஒரு கடையில் அத்தனை மின்சாரத்தையும் ஒல்லியான வயரில் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே விட்டிருந்தார்கள். ஒரே சீசனில் சுவிட்ச் சூடேறி உருகிவிட்டது. பேட்டரியிலிருந்து தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு சர்க்யூட் பிரேக்கர், திசை மாற்ற இரண்டு ரிலே, சுவிட்சுக்கு ரிலேயை இயக்கும் சிறு மின்சாரம் மட்டும்: இதுதான் ஒழுங்கு. இன்னொன்று, 1964 ஆகஸ்ட் வரை கட்டப்பட்ட ஆரம்ப மஸ்டாங்குகளில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய இருப்பது ஜெனரேட்டர். அதற்கு அப்புறம்தான் ஆல்டர்னேட்டர். ஜெனரேட்டர் வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது அதிலிருந்து கிடைப்பது சொற்பம்; பேட்டரிதான் முழுச் சுமையையும் தாங்கும். அப்படிப்பட்ட வண்டியில் நல்ல பேட்டரியும், கூரையை இயக்கும்போது எஞ்சினை லேசாக ரேஸ் செய்து வைக்கும் பழக்கமும் வேண்டும்.

மூன்றாவது வழி: எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர்

கேட்கும்போது இது மிக நேர்த்தியாகத் தோன்றும். ஆயில் இல்லை, குழாய் இல்லை, கசிவு இல்லை. இரண்டு தண்டுகள், இரண்டு வயர்கள். சிலிண்டர் இருந்த இடத்திலேயே பூட்டிவிடலாம் என்று விற்பவர்களும் சொல்வார்கள். ஆக்சுவேட்டருக்குள் ஒரு சின்ன மோட்டார் திருகைச் சுற்றுகிறது, திருகு தண்டை நீட்டுகிறது. மின்சாரம் நின்றால் தண்டு அப்படியே நின்றுவிடும்.

முதல் பிரச்சினை வேகம். ஒரே மாதிரி இரண்டு மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் ஓடாது. வலது பக்கம் இரண்டு சென்டிமீட்டர் முந்திவிட்டால், திருகு விட்டுக்கொடுக்காது, சட்டம்தான் முறுக்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்க, தண்டு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும் சென்சார் உள்ள ஆக்சுவேட்டர்களும், இரண்டையும் ஒப்பிட்டு ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். அதோடு விலையும் ஏறுகிறது, எளிமையும் போகிறது. ஸ்கைலைனரின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்த மாதிரி.

இரண்டாவது, தண்டின் ஓட்ட நீளம். கூரை முழுதாகப் படுக்கும் இடமும் முழுதாக எழும் இடமும் ஆக்சுவேட்டரின் இரு முனைகளோடு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். நீளம் கூடினால் எல்லை தாண்டித் தள்ளும். குறைந்தால் கூரை முன்கண்ணாடிச் சட்டத்துக்கு எட்டாது, கையால் இழுத்துக் கொக்கி மாட்டலாம் என்றால் திருகு விடாது.

மூன்றாவது, பாதி வழியில் நின்றுவிட்டால். மழை வரும் நேரத்தில் ஃப்யூஸ் போய்விட்டது என்று வையுங்கள். ஹைட்ராலிக்கில், பொறுமையாகத் தள்ளினால் ஆயில் பம்ப் வழியே மெல்ல நகரும். இல்லையென்றால் தண்டைச் சட்டத்தோடு பூட்டும் ஊசியை (பின்) கழற்றிவிட்டுக் கையால் மூடலாம். ஆக்சுவேட்டரில் அந்த ஊசியைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியே இல்லை. எனவே இந்த வழியில் போகிறவர், இருட்டில், கருவி எதுவும் இல்லாமல், விரலாலேயே உருவக்கூடிய ஊசியை வைத்தே தீர வேண்டும்.

அப்படியானால் ஆக்சுவேட்டர் யாருக்கு? தொழிற்சாலை மோட்டார் கூரையே கொடுக்காத வண்டிகளுக்கு. அங்கே ஹைட்ராலிக்கும் புதிதாக வடிவமைக்க வேண்டியதுதான் என்பதால், இரண்டும் சமநிலையில் நிற்கின்றன. ஆனால் அந்த வண்டிகளில் முதல் கேள்வி, மோட்டார் வேண்டுமா என்பதே. எம்ஜிபி போன்ற சின்ன இரண்டு இருக்கை வண்டியின் கூரை ஒரு கையால் தூக்கும் எடை. அதில் மோட்டாரை வைக்க இடமும் இல்லை, காரணமும் இல்லை. 1963 முதல் 1971 வரை வந்த மெர்சிடஸ் பகோடாவில் கூரை ஒரு அலுமினிய மூடிக்கு அடியில் அழகாக மறைகிறது. அந்த வண்டியின் விலைமதிப்பைக் கருதினால் அதில் எதையும் துளையிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கேப்ரியோலேயின் கூரை மட்டும் நிஜமாகவே தடிமனானது: பல அடுக்குத் துணி, பின்பக்கம் உண்மையான கண்ணாடி. அதன் உரிமையாளர் தோள்வலியோடு கேட்டால் ஆக்சுவேட்டரைப் பற்றிப் பேசலாம்.

விலை, மறுவிற்பனை, நான்காவது ஒரு வழி

பாகங்களின் விலையை மட்டும் பார்த்தால் ஹைட்ராலிக்கும் சாதாரண ஆக்சுவேட்டரும் சில நூறு டாலர்களில் தொடங்குகின்றன. கூலிதான் பெரிது. பின் இருக்கை, பக்கப் பலகைகள், கூரை மடியும் பள்ளத்தின் உள்துணி எல்லாம் வெளியே வர வேண்டும். அதனால் மோட்டார் வைக்கச் சிறந்த நேரம், கூரைத் துணியை மாற்றும் நேரம். அப்போது எப்படியும் எல்லாம் கழன்றிருக்கும், சட்டமும் வெறுமையாக இருக்கும், மூட்டுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். இன்னும் இரண்டு வருடம் ஓடக்கூடிய துணி மேலே இருந்தால், அந்த இரண்டு வருடம் காத்திருங்கள்.

மறுவிற்பனையில், 1965, 66 வண்டிகளுக்கு ஒரு தனி நிலைமை இருக்கிறது. கதவில் உள்ள தகட்டில் 76ஏ என்பது போன்ற குறியீடு கன்வெர்ட்டிபிள் என்பதையும் இருக்கை வகையையும் சொல்லும். கூரை கையா மோட்டாரா என்று சொல்லாது. 1967 முதலான ஃபோர்டுகளுக்குத் தொழிற்சாலைப் பதிவுகளை வைத்து மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். அதில் எல்லாக் கூடுதல் வசதிகளும் வந்துவிடும். எனவே 1967 அல்லது அதற்குப் பிந்தைய வண்டியில், மோட்டார் கூரை பிற்பாடு வைத்தது என்று வாங்குபவர் ஒரு தாளில் பார்த்துவிடுவார். 1966 வண்டியில் பார்க்க முடியாது. பார்க்க முடியாது என்பதற்காகச் சொல்லாமல் விடக் கூடாது. பிற்பாடு வைத்தது என்று எழுதி, ரசீதுகளையும் பழைய ஸ்பிரிங்குகளையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவர் மதிப்பார். ஃபோர்டு கொடுத்த அமைப்பையே ஒழுங்காக மாட்டியிருந்தால் மதிப்பு குறைவதாக எனக்குத் தெரியவில்லை. ஆக்சுவேட்டர் வண்டியைப் பார்க்கும் வாங்குபவர் இன்னும் எங்கெல்லாம் கைவைத்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்குவார்.

நான்காவது வழியும் ஒன்று உண்டு: கைக்கூரை வண்டியை விற்றுவிட்டு, தொழிற்சாலையிலேயே மோட்டார் கூரையோடு வந்ததை வாங்குவது. இன்னும் வண்டியே வாங்காதவர் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கி, பல மாதங்கள் உழைத்து, அதன் ஒவ்வொரு சத்தமும் பழகிப்போனவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

மாட்டிய பின்

கூரையை இழுத்துப் பார்க்கும் கைக்குத் தெரிவது எதுவும் மோட்டாருக்குத் தெரியாது. ஒரு கொக்கியை விடுவிக்க மறந்து சுவிட்சை அழுத்தினால், கை அங்கேயே நின்றிருக்கும், பம்ப் நிற்காது. சட்டம் வளைவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே முதல் ஓட்டத்தைத் துணி மாட்டுவதற்கு முன், வெறும் சட்டத்தோடு செய்யுங்கள். ஒருவர் சுவிட்சில், ஒருவர் பின்னால். ஒரு விரற்கடை நகர்த்தி நிறுத்தி, குழாய் எங்காவது சட்டத்தின் கத்தரிப்பில் மாட்டுகிறதா என்று பாருங்கள். முதல் சில தடவை கூரை துள்ளித் துள்ளி நகரும். குழாயில் இருக்கும் காற்று வெளியேறும் வரை அப்படித்தான். தொட்டியில் ஆயில் அளவைப் பார்த்து நிரப்பி, மேலும் கீழுமாகப் பல தடவை ஓட்டினால் சீராகிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாக எழவில்லையென்றால் அங்கேயே நிறுத்தி மூட்டைப் பாருங்கள். துணி வந்துவிட்டால் அது தெரியாது.

வண்டி ஓடும்போது கூரையைத் தொடவே கூடாது, மெதுவாக ஓடினாலும். காற்று உள்ளே புகுந்தால் சிலிண்டர் தாங்கியே பிய்ந்துகொண்டு வரும். குழந்தைகள் பின் இருக்கையில் இருந்தால் இறங்கச் சொல்லிவிட்டு இயக்குங்கள். சட்டத்தின் மூட்டுகள் கத்தரிக்கோலைப் போல மூடுகின்றன, அவை சிறு விரல்களின் உயரத்தில்தான் இருக்கின்றன. சுவிட்சுக்குப் போகும் மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும்படி எடுத்துக்கொண்டால், நிறுத்திய வண்டியில் ஏறி விளையாடும் பிள்ளை எதையும் அழுத்திவிட முடியாது. ஒரு கூடுதல் வயர், அரை மணி நேர வேலை. எந்தக் கடைக்காரர் வேலை முடித்து வண்டியை ஒப்படைத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.